அவளுக்குப் பதிலாக நான் கேட்ட பாட்டு

எங்கள் பக்கம் பாட்டு இல்லாத தறிக்கூடம் கிடையாது. சோமனூரில் எந்த வீதியில் நடந்தாலும் விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும். அந்தச் சத்தத்துக்குள் எங்கேயோ ஒரு டேப்ரிக்கார்டர் கத்திக்கொண்டிருக்கும். என்ன பாட்டு என்று கேட்டால் தறி ஓட்டுகிறவருக்கே தெரியாது. எனக்கும் தெரியாது. எட்டுத் தறி போட்டிருந்தேன். காலையில் மோட்டாரைப் போடும் கையோடு டேப்பையும் போட்டுவிடுவேன். சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவதைப் போல அது ஒரு வழக்கம், அவ்வளவுதான். பாட்டு ஓடாவிட்டால் கூடத்தில் என்னவோ குறைகிறது என்று தோன்றும். ஓடினால் அதைக் கேட்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

இந்த லட்சணத்தில் இருந்த எனக்கு, பாட்டுக் கேட்பதைத் தவிர வேறொன்றும் பெரிதாக வேண்டாத ஒருத்தியைக் கட்டிவைத்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவள் போத்தனூர்க்காரி. அவளுடைய அப்பா ரயில்வேயில் இருந்தவர். அந்த வீட்டில் சாயங்காலம் ரேடியோவைப் போட்டால் யாரும் பேசக் கூடாதாம், சாப்பிடக்கூடக் கூடாதாம். கல்யாணமான புதிதில் அவள் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜங்ஷன் பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு அப்படி என்னத்தைக் கேட்டீர்கள் என்று கிண்டல் செய்தேன்.

"வண்டி போற வரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருப்போமுங்க. போன பொறவு மிச்சத்தைக் கேப்போம்" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் வீதியில் காக்கை கத்துவது கேட்கும். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கூடத்திலிருந்து டேப்பை வீட்டுக்குள் எடுத்து வருவாள். சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்காருவாள். ஒரு பக்கம் முடியும் வரை அசைய மாட்டாள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தால் அதற்கு இரண்டே காரணம்தான் சொல்வார்கள்: காய்ச்சல், இல்லாவிட்டால் புருஷனோடு சண்டை. அடுத்த தறிக்கூடத்துக்கார அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, மேலுக்குச் செரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது.

"சின்ன வெங்காயத்தையாச்சும் உரிச்சுட்டே கேக்கறது" என்றேன்.

"ரெண்டும் ஆகாதுங்க. வெங்காயமும் செரியா உரிய மாட்டேங்குது, பாட்டும் பாதி போயிருது."

ஆரம்பத்தில் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தாள். ஓர் இடம் வரும்போது என் கையைத் தட்டுவாள். "இங்க பாடறவங்க மூச்சு வாங்கறாங்க, கேட்டீங்களா?" என்பாள். நான் "ம்" என்பேன். எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் ஒருத்தர் மூச்சு வாங்குவதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பேன். இரண்டு மூன்று தடவை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைத் தட்டுவதை விட்டுவிட்டாள். விட்டது தொல்லை என்று நானும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்துக்குப் போய்விட்டேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசியதே போதும், நான் வேறு எழுத வேண்டியதில்லை. அவளுக்கு இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதை மட்டும் அவளிடம் விட்டுவைத்திருக்கலாம்.

தறி ஓட்டிக்கொண்டிருந்த ஆள் ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் இன்னொருவர். பாவு நூல் எடுத்து வரவும், நெய்த துணியைக் கொண்டுபோய்ப் போடவும் நான் நாள் முழுக்க வெளியே அலைகிறவன். வீட்டுப் பெண்கள் தறிக்கு இறங்குவது எங்கள் ஊரில் புதிதல்ல. அவளும் இறங்கினாள். ஒரு வாரத்தில் தறி பிடிபட்டுவிட்டது. எதையும் உற்றுக் கவனிக்கிறவளுக்கு அறுந்த இழை கண்ணில் பட எவ்வளவு நேரமாகும். ஆனால் முதல் நாள் சாயங்காலமே சொன்னாள்:

"அத்தனை பாட்டு ஓடுது, ஒண்ணுகூடக் கேக்க முடியலீங்க. அது மனசுக்கு ஒருமாதிரி இருக்குது."

நான் அதை எப்படிப் புரிந்துகொண்டேன் தெரியுமா? பாட்டுச் சத்தம் போதவில்லை என்று.

டேப்புக்கு பேட்டரி கட்டை போட்டிருந்தோம். கரண்ட் போகும்போது எட்டுத் தறியும் பட்டென்று நிற்கும், பாட்டு மட்டும் ஓடும். காலையிலிருந்து யாருக்கும் கேட்காமல் ஓடியது அப்போதுதான் பளிச்சென்று கேட்கும். அந்த நேரத்தில் எல்லோரும் என்ன செய்வோம்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவோம். அவள் மட்டும் தறிப் பலகையிலேயே உட்கார்ந்திருப்பாள். கரண்ட் வந்து நான் திரும்பி வரும்போது அவள் முகத்தில் ஒரு வருத்தம் தெரியும். கரண்ட் வந்ததற்கு வருத்தப்பட்ட தறிக்காரி சோமனூரில் அவள் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள்.

அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவளிடம் சொல்லாமல் கோயமுத்தூருக்குப் போய் ஒரு ஆம்ப்ளிபயர் வாங்கி வந்தேன். தச்சரிடம் சொல்லி இரண்டு மரப்பெட்டி செய்து, பெரிய ஸ்பீக்கர் மாட்டி, அவள் நிற்கும் தறிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, சரியாகக் காது உயரத்தில் அடித்துவைத்தேன். கல்யாணமாகி நானாக யோசித்து அவளுக்குச் செய்தது அது ஒன்றுதான். தறிச் சத்தத்தை மிஞ்சும் அளவுக்குத் திருகிவைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டை அசைத்தாள்.

"சத்தம் நெம்பப் பெருசா இருக்குதுங்க."

"தறியை மிஞ்சோணுமல்ல" என்றேன், நானும் உதட்டால்.

தறிக்கூடத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. உதடு அசைவதைப் பார்த்தே பேசிக்கொள்வோம், பழகிவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவளுக்குக் காது மந்தமானது எங்கள் யாருக்கும் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். எல்லோருமே செவிடர்கள் மாதிரி பேசிக்கொள்ளும் இடத்தில் ஒருத்தி நிஜமாகவே செவிடாவது எப்படித் தெரியும்?

ஸ்பீக்கர் வைத்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வெளியே போய்விட்டு வந்து பார்த்தேன். கழிவுப் பஞ்சைத் திரித்துக் காதில் வைத்திருந்தாள். எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் என் வாயை நானே கிழித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"உனக்காவ அலைஞ்சு திரிஞ்சு வாங்கியாந்து மாட்டுனா, பஞ்சை வெச்சு அடைச்சுக்கறயா?" என்று கேட்டேன். அதை மட்டும் உதட்டால் கேட்கவில்லை, கத்தித்தான் கேட்டேன். அவள் பஞ்சை எடுத்துக் கீழே போட்டாள். அதன் பிறகு வைக்கவே இல்லை. ஐந்தாறு வருஷம்.

ஞாயிற்றுக்கிழமைக் கேட்பு நடந்துகொண்டுதான் இருந்தது. கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் ஒரு பாய் கேசட் கடை வைத்திருந்தார். வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார். இவளுடைய பட்டியலைக் கண்டால் அவருக்குச் சந்தோஷம். இது யார் எழுதியது, நீங்களா என்று ஒருமுறை என்னைக் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் அவரே இல்லை என்று முடிவு செய்துகொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பாய் இந்தத் தடவை செரியாப் பதியலீங்க. வயலினெல்லாம் தேஞ்சு போயிருக்குது" என்றாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மறுபேச்சில்லாமல் வேறு கேசட்டில் பதிந்து தந்தார். அதுவும் சரியில்லை என்றாள். டேப்பின் ஹெட்டைத் துடைத்துப் பார்த்தோம். ஹெட்டை மாற்றிப் பார்த்தோம். புது டேப்பே வாங்கினேன். அதிலும் வயலின் இல்லை. காதுக்குள் விசில் மாதிரி ஒன்று ஓடுகிறது, அது டேப்பின் மோட்டாரில் ஏதாவது கோளாறா என்று கேட்டாள். மூன்றாவது முறை அவளே என்னோடு வந்தாள். கடையில் நின்று, என்றைக்கும் இல்லாத வழக்கமாக, பாயிடம் சண்டை போட்டாள். காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறீர்கள் என்கிற அளவுக்குப் பேசிவிட்டாள்.

பாய் அந்தக் கேசட்டைத் தன் செட்டில் போட்டு, ஹெட்போனைத் தன் காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். கழற்றிவைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"கேசட்ல ஒரு கொறையும் இல்லம்மா" என்று கேசட்டைக் கழற்றக் குனிந்தபடி மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் அது அவளுக்குக் கேட்கவில்லை. "என்ன சொல்றாருங்க?" என்று என்னிடம் திரும்பினாள். பாயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் அவளை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். மெஷின்காரப் பெண் ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டே போனார். முதலில் சில தடவை அமுக்கினாள். பிறகு அமுக்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, மடியில் கையை வைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு கவனமாகக் கேட்டாள். பெருவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. அந்தப் பெண் திருகிக்கொண்டே இருந்தார், இவள் காத்துக்கொண்டே இருந்தாள்.

நரம்பு போய்விட்டது, வராது என்றார் டாக்டர். தறியில் நிற்கிறவரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நரம்பு போய்விட்டது என்பதை அவளுக்கு ஒரு தாளில் பெரிதாக எழுதியும் காட்டினார். அடுத்து, "தறி இல்லாம வேற ஏதாச்சும் சத்தம் பக்கத்துல உண்டா? ஸ்பீக்கர், கீக்கர்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

பஸ்ஸில் வரும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வந்த கையோடு இரண்டு பெட்டியையும் பிடுங்கிப் பரண்மேல் எறிந்தேன். சண்டை போடத் தெரியாதவள் அல்ல அவள். நூல் சுற்றிய தார்க்கட்டைகளை நான் இடம் மாற்றிவைத்ததற்கு இரண்டு நாள் முகம் கொடுக்காதவள். இதற்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை. காதுக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டால் பாட்டு தகரத்தில் ஆணி இழுக்கிற மாதிரி கேட்கிறது என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். மறுபடியும் தறியில் போய் நின்றாள். வேண்டாம் என்றேன். "இனி என்னங்க போறதுக்கு இருக்குது?" என்றாள்.

அதற்குப் பிறகு சில மாதம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வீட்டில் பாட்டு இல்லை. அவள் சின்ன வெங்காயம் உரித்தாள். அந்தக் காட்சியை என்னால் தாங்க முடியவில்லை. பாயிடம் போய் நின்றேன். புதிதாக வந்த கேசட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார், இதை எல்லாரும் வாங்குகிறார்கள் என்றார். அவள் இதுவரை கேட்காத பாட்டுகள். காது போன பிறகு வந்த பாட்டுகள்.

வீட்டுக்கு வந்து போட்டேன். அவள் டேப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "தபேலா மட்டும் தெரியுதுங்க. அதுக்கு மேல என்ன நடக்குதுன்னு தெரியல" என்றாள். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"எனக்குப் பதிலா நீங்க கேட்டுச் சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்றேன். முதல் பாட்டைத் திருப்பிப் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை கேட்டே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஒருத்தர் பாட ஆரம்பித்தார். நாளைக்குப் பாவு எடுக்கப் போக வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. ஐந்தாம் தறியின் பெல்ட் நைந்து போயிருந்தது, அதைச் சொல்லிவைக்க வேண்டும். பெல்ட்டை இங்கேயே வாங்குவதா, டவுனில் வாங்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்திருந்தது. அவள் டேப்பை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க வந்துது?"

"நல்லா இருக்குது."

"நல்லான்னா? என்ன வாத்தியம் வந்துது?"

"புல்லாங்குழல்" என்றேன். வாயில் வந்த முதல் வாத்தியத்தின் பெயர் அதுதான்.

அவள் முகம் மாறியதை நான் என்ன சொல்ல. பல மாதம் கழித்து அந்த முகத்தைப் பார்க்கிறேன். "எங்க வருதுங்க?" என்றாள். இரண்டாவது தடவை பாடுவதற்கு முன்னால் என்றேன். மேலே போகிறதா, கீழே இறங்குகிறதா என்று கேட்டாள். மேலே போய் மெதுவாக இறங்குகிறது என்றேன். ஆள் திருந்திவிட்டான் பார், எவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறான் என்று அவளுக்கு என்மேல் ஒரு பெருமை வேறு. மறுபடியும் போடச் சொன்னாள். உள்ளங்கையில் தபேலாவை எண்ணிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் ஆள்காட்டி விரலைத் தூக்கினாள். "இங்கதானுங்களே?" ஆமாம் என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இது நடந்தது. அவள் கையை வைப்பாள், விரலைத் தூக்குவாள், கண்ணை மூடிக்கொள்வாள். நான் வாராவாரம் எதையாவது சேர்த்துக்கொண்டே போனேன். புல்லாங்குழல் ஒரு கணம் நின்று மறுபடி எடுக்கிறது என்றெல்லாம் சொன்னேன். அடுத்த கூடத்து அக்கா வந்தபோது அவளே பேச்சை எடுத்தாள்.

"அந்தப் புதுக் கேசட்டுல மொதப் பாட்டுல புல்லாங்குழல் வருது பாருங்க, நெம்ப நல்லா இருக்குதாமா. இவியதான் சொன்னாங்க."

அக்கா அந்தக் கேசட்டை வாங்கியிருந்தார். அவர்கள் கூடத்தில் நாள் பூராவும் அதுதான் ஓடியது.

"ஆமா அம்மணி, அதுதான் அந்தப் பாட்டுக்கே அழகு" என்றார் அக்கா, அவளுக்குத் தெரியும்படி வாயை நன்றாக அசைத்து.

அக்கா மட்டுமா, அந்த வீதியே அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தது. சூலூர் பஸ்ஸில், டீக்கடையில், கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் அதுதான். அவள் யார் யாரிடமோ புல்லாங்குழலைப் பற்றிச் சொன்னாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அப்படியானால் நிஜமாகவே இருக்கிறதோ என்று எனக்கே ஒரு நப்பாசை வந்துவிட்டது. நான் பாவு யோசனையில் இருந்தபோது அது வந்திருக்கும், என் வாய் என்னை அறியாமல் சரியாகச் சொல்லியிருக்கும் என்று நம்பப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் யாருமில்லை. கதவைச் சாத்திவிட்டு டேப்பின் எதிரில், அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். கையில் ஒன்றுமில்லை. என் ஆயுசில் முதன்முதலாக ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். நான் சொன்ன பொய்யைச் சரிபார்க்கத்தான் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புல்லாங்குழல் இல்லை. திருப்பிப் போட்டேன். இல்லை. மூன்றாவது தடவை காதை டேப்போடு ஒட்டவைத்துக் கேட்டேன். நான் சொன்ன இடத்தில், அவள் விரலைத் தூக்கும் அதே இடத்தில், ஒரு பெண்குரல் இருந்தது. வார்த்தை எதுவும் இல்லை. பின்னால் எங்கேயோ நின்று, பாடுகிறவரைத் தொந்தரவு செய்யாமல், மெல்ல எழுந்து அடங்கிவிடுகிறது. அது அங்கே இருப்பதை வீதியில் ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதற்காகத்தானா இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இதையா நான் அவளிடமிருந்து பிடுங்கினேன் என்று விசும்பினேன். உடனே எழுந்து கோயிலுக்கு ஓடி அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவளிடம் சொல்வதற்கு முதல் தடவையாக என்னிடம் ஒன்று இருந்தது.

எழுந்து நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன். இதைச் சொன்னால் புல்லாங்குழல் போய்விடும். புல்லாங்குழல் போனால் அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். நான் ஒருநாளும் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு மிச்சம் இருந்தது என் காது ஒன்றுதான்.

கதவு திறந்தது. திருநீறு வைத்த நெற்றியோடு உள்ளே வந்தாள். கேசட் சுற்றுவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பாட்டை முதலிலிருந்து திருப்பிப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை டேப்பின் மேல் வைத்தாள். எண்ணினாள். அந்தப் பெண்குரல் மெல்ல எழும் நேரத்தில் சரியாக விரலைத் தூக்கி என் வாயைப் பார்த்தாள்.

"புல்லாங்குழல் வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு" என்றேன்.